அம்மா கேட்ட ஐந்தாவது அங்குலம்

தம்பி, நேற்றுக் காலை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை முதலில் அழித்துவிடு. "அப்பா, இந்த வருஷம் வரட்டோ, இல்லாட்டி அடுத்த வருஷம் பாப்பமோ? லீவுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ளை சொல்லோணும். உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "எனக்கென்ன வசதி? நீ உன்ரை வேலையைப் பார். கஷ்டப்பட்டு வர வேண்டாம்." நீ "சரியப்பா" என்றாய். போனை வைத்த பிறகு நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் சொன்னது பொய். இரண்டு வருஷத்துக்கு முந்தி இதே பொய்யை இந்த வீட்டில் இன்னொருவரும் சொன்னார். அதை நான் ஒரு எழுத்தும் பிசகாமல் உனக்குக் கடத்தினேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். போனில் சொல்ல எனக்கு ஏலாது. அந்தச் சின்னக் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தால் கதையை மாற்றிவிடுவேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதை மட்டும் நீ எனக்கு ஒழுங்காகப் பழக்கிவிட்டாய்.

போன வருஷம் ஒரு நாள் உன் வேலையை எனக்குக் காட்டினாய், நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரில் ஒரு கட்டம். இடது பக்கம் ஆட்கள் வாயால் சொன்னது, வலது பக்கம் அதற்கு நீங்கள் போட்ட அளவு. வயதானவர்கள் மருந்துக் குளிசை போட்டு வைக்கிற பெட்டி ஒன்றை உங்கள் கம்பனி செய்கிறது என்றாய். "திறக்கக் கையிலை பலம் இல்லை" என்று யாரோ ஒரு கனடாக் கிழவி சொல்லியிருக்கிறார். அதற்கு நேரே வலது பக்கத்தில், மூடியை எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்று ஒரு இலக்கம். "எனக்குக் கண் தெரியாது" என்று இன்னொரு கிழவர். அதற்கு நேரே எழுத்தின் உயரம். நான் வழக்கம் போல நக்கல் அடித்தேன். "இதுக்கே உன்னைக் கனடா வரைக்கும் கூப்பிட்டவங்கள்? உதை எங்கடை படகுப் பட்டறையிலையே இருந்து செய்திருக்கலாமே." நீ சிரித்துக்கொண்டு, "ஓமப்பா, நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்யிறன்" என்றாய். ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தச் சொல்லோடு சுகமாகத் திரிந்தேன். கோயிலடியில் கண்டவன் நின்றவனுக்கெல்லாம் சொன்னேன். ஆனால் அது உண்மை இல்லை. பட்டறையில் நான் செய்தது முழுக்க உன் வலது பக்கத்து வேலை. இடது பக்கம் அம்மாவுடையது.

நான் அளவுக்காரன். உனக்கு அது தெரியும், தெரிந்து எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறாய். சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் நான் ஞாயிறு பூசைக்குக் கூடப் போனதில்லை. நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைக் கையில் தந்தபோது மற்ற அப்பன்மார் போல முத்தம் கொடுக்கவில்லை, நாடாவை எடுத்தேன். பத்தொன்பதரை அங்குலம். பட்டறைக் கொப்பியில் படகு அளவுகளுக்கு நடுவில் அது இன்னும் இருக்கிறது. நீ கனடாவுக்குப் போன அன்று விமான நிலையத்தில் உன் பெட்டி மூன்று அங்குலம் கூட என்று நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ உள்ளே போய் மறைந்த பிறகும் அவர் கை அப்படியே மடங்கியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பெட்டியை நிறுக்கும்போது என்ன சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டு, வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினேன்.

திரேசம்மா அக்காவின் பெட்டிக் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் குருநகர்க் கரையில் மீன் வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் மருதனார்மடம் சந்தையில் விற்கிறவர் அவர். பனையோலைக் கடகத்துக்குள் பொலித்தீன் விரித்து, மீனையும் ஐஸையும் அடுக்கிக்கொண்டு போவார். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "அண்ணை, எனக்கொரு பைபர் பெட்டி செய்து தாங்கோ. நல்ல பெரிசா இருக்கோணும். ஒரு சொட்டுத் தண்ணியும் ஒழுகக் கூடாது" என்றார். எனக்கு அப்படிக் கதைக்கிற ஆட்களைப் பிடிக்கும். என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கிறார் என்று நினைத்தேன். கொப்பியில் எழுதினேன்: நீளம் முப்பது, அகலம் பதினெட்டு, உயரம் பதினாறு, ஒழுக்கு இல்லை. இரண்டு பைபர் சுவர், நடுவில் குளிர் பிடிக்க போம் என்கிற நுரை அடைப்பு. செய்து முடித்து, பெட்டி நிறையத் தண்ணீர் விட்டு, கீழே பழைய பேப்பர் விரித்து ஒரு பகல் முழுக்க வைத்தேன். பேப்பரில் ஈரப்பொட்டு இல்லை. அந்தப் பேப்பரை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன் என்றால் என் பெருமையைப் பார்த்துக்கொள்.

ஐந்தாம் நாள் திரேசம்மா அக்கா பெட்டியோடு திரும்பி வந்தார். ஓட்டோவில் இருந்து இறக்கி, பட்டறை வாசலில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். ஏசவில்லை. நான் உள்ளே பார்த்தேன். உருகின ஐஸ் தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் பெட்டிக்குள்ளேயே நின்று, மீன் அதற்குள் ஊறிக் கிடந்தது. சூடை மீன் வயிறு வெடித்திருந்தது, விளைமீனுக்குக் கண் வெளுத்திருந்தது. "வருஷக்கணக்கா என்னட்டை வாங்கிற சனம், அண்ணை. செவுளைத் தூக்கிப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் அங்காலை போயிட்டுதுகள்" என்றார். எனக்கு வெட்கம் கோபமாக வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். "நீங்கள்தானே அக்கா ஒழுகக் கூடாது எண்டனீங்கள்? ஒழுகினதோ?" என்று கேட்டேன். "ஒழுகேல்லை அண்ணை" என்றார். எனக்குச் சாட்சி சொல்வது போலச் சொன்னார். அந்த மனுஷியிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அம்மா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, "இஞ்சாருங்கோ, பெட்டி என்ன அளவிலை வேணும் எண்டு கேட்டியள். அவ ஏன் ஒழுகக் கூடாது எண்டு சொன்னவ எண்டு கேட்டியளே?" என்றார். "ஒழுகிற பெட்டியை ஆர் கேப்பினம்? உனக்கு விசரே?" என்றேன். அடுத்த நாள் விடிய அம்மா சேலையை மாற்றிக்கொண்டு, திரேசம்மா அக்காவோடு மருதனார்மடம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சனிக்கிழமை. மத்தியானம் எனக்குச் சாப்பாடு இல்லை. நானே பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, வரட்டும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

வந்து சொன்னார். சனிக்கிழமைகளில் அந்த பஸ்ஸில் பாதிப் பேர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிற சனம். தலை தோய்ந்து, வேட்டி கட்டி, அர்ச்சனைத் தட்டோடு மீன் மச்சம் தொடாத நாளில் போகிற ஆட்கள். திரேசம்மா அக்காவின் கடகத்துத் தண்ணீர் பஸ் பிரேக் போடும்போதெல்லாம் முன்னுக்கு ஓடி அந்தக் கால்களில் படுகிறது. கொண்டக்டர் இரண்டு தரம் அவரை இடையில் இறக்கிவிட்டிருக்கிறான். ஒழுகக் கூடாது என்று அவர் சொன்னது அதற்குத்தான். தண்ணீர் பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, பஸ்ஸுக்குள் ஓடக் கூடாது என்றுதான் கேட்டார். "பெரிசு" என்றதும் அப்படித்தான். இரண்டாம் தரம் கரைக்கு வந்து போக அவருக்கு நேரம் இல்லை, அதனால் பெரிசு கேட்டார். ஆனால் நான் செய்த பெரிய பெட்டியைத் தனியத் தூக்கிப் படியில் வைக்க அவரால் முடியவில்லை. தூக்கிவிடச் சொல்லி ஒருவரையும் கேட்கவும் மாட்டார். மீன் பெட்டியில் கை வைத்தவன் எப்படிக் கோயிலுக்குப் போவான்?

இதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, "இன்னொண்டு. அதை அவ எந்தக் காலத்திலையும் உங்களிட்டைக் கேக்க மாட்டா" என்றார் அம்மா. பஸ்ஸில் திரேசம்மா அக்காவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லையாம். சீற் இருந்தாலும் அவரே போய்க் குந்துவதில்லை. பின்கதவுப் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி முழுத் தூரமும் நின்றுகொண்டு போகிறார். "மூடி அவ ஏறிக் குந்தி இருக்கிற மாதிரி வேணும். அவவின்ரை பாரம் தாங்கோணும். உயரம் பதினைஞ்சு இஞ்ச், நான் அவவின்ரை முழங்காலை அளந்திட்டன்" என்றார். எதால் அளந்தாய் என்று கேட்டேன். சேலைத் தலைப்பில் போட்டிருந்த முடிச்சைக் காட்டினார். நுனியிலிருந்து அந்த முடிச்சு வரைக்கும் என் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். கால் அங்குலம்கூடப் பிழைக்கவில்லை.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து ஐஸ் உருக்கினோம். பஸ் ஓட்டம், சந்தி நிற்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் அவ்வளவு ஐஸிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும்? அது தெரியாமல் பெட்டியின் அடியில் தண்ணீருக்கு எவ்வளவு இடம் விடுவது? மீனுக்குப் பதிலாக ஈரச் சாக்கைச் சுற்றி வைத்து, கீழே வடிகிறதைப் பால்மாத் தகர ரின்னால் அம்மா அளந்து அளந்து ஊற்ற, நான் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். வெயில் ஏற ஏறத் தென்னை நிழலுக்குள் பாயை இழுத்து இழுத்து வைத்தோம். "எங்கடை கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடை இவ்வளவு நேரம் ஒரு இடத்திலை இருந்தது இண்டைக்குத்தான்" என்று சிரித்தார். அந்த மத்தியானத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். திரும்ப ஒரு மத்தியானம் தருவதாக யாரும் சொன்னால், ஐஸும் சாக்குமாக அதைத்தான் கேட்பேன்.

கடைசியில் செய்த பெட்டி சிறியது. உள்ளே ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதற்குக் கீழே இரண்டு அங்குல இடம், தண்ணீர் அங்கே வடிந்து நிற்கும். மீன் மேலே தண்ணீரில் ஊறாமல் ஐஸோடு இருக்கும். பக்கத்தில் ஒரு தக்கை. சந்தைக்குப் போய், வாய்க்கால் கரையில் வைத்து இழுத்துவிட்டால் சரி. சுமந்து ஏற்றக்கூடிய பாரம், குந்தி இருக்கக்கூடிய மூடி. திரேசம்மா அக்கா அதை வாங்க வந்த அன்று நான் தட்டையும் தக்கையையும் பற்றி நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கிட்டு, "அக்கா, ஒருக்கா இருந்து பாருங்கோ" என்றார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு மூடியில் இருந்தார். இருந்ததும் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு குருநகரிலும் பாசையூரிலும் எத்தனையோ பேருக்கு அந்தப் பெட்டி செய்தேன், பெயர் எனக்கு வந்தது. ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்றது. நானும் நம்பிவிட்டேன்.

இனித்தான் எழுதக் கஷ்டமான பகுதி. இரண்டு வருஷத்துக்கு முந்தி அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்ட நேரம் அது. நீ புது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். போன் எடுத்து, "அப்பா, நான் வெளிக்கிட்டு வரட்டோ?" என்று கேட்டாய். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம், "அவன் வரட்டோ எண்டு கேக்கிறான்" என்றேன். "உவனுக்கென்ன விசரே, புது வேலையை விட்டிட்டு? வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றார். சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போனை எடுத்து, "அம்மா வர வேண்டாமாம், தம்பி" என்றேன். அவர் சொன்னதை அப்படியே கடத்தி, முகம் திரும்பினதை விட்டுவிட்டேன். தேத்தண்ணி வேண்டும் என்றால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம் வாங்கிக் குடிக்கிற சாதி நாங்கள். அது எனக்குத் தெரியாதா? நான் ஒரே ஒரு தரம் கேட்டேன். ஏனென்றால் எனக்கும் அந்தப் பதில்தான் வசதியாக இருந்தது. நீ வந்தால் நோய் பெரிது என்று ஆகிவிடும். நீ வராத வரைக்கும் அம்மா எழும்பிவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கலாம். இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மடங்கி மூச்சு முட்டும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களையே உயர்த்திவிடுங்கள் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். நாலு அங்குலம் போதும் என்றார். நான் வேப்பங்கட்டையில் இரண்டு துண்டு, சரியாக நாலு அங்குலம் அறுத்து, கால் வழுக்காமல் நடுவில் குழியும் தோண்டி வைத்தேன். நல்ல வேலை. அம்மா படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உயர்த்த ஏலாதே?" என்று கேட்டார். "எவ்வளவு?" "ஒரு இஞ்ச்." நான் மட்டக்கோலை வைத்துக் காட்டினேன். "டாக்குத்தர் சொன்னது நாலு. கூட்டினால் நீ கால்மாட்டுக்குச் சறுக்கிப் போவாய்" என்றேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. "சரி, உங்கடை கணக்கு" என்றார். மூச்சுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மூச்சு முந்தியைவிட நன்றாக இருந்தது. அதனால் என் நாலு அங்குலம் சரி என்று முடிவு கட்டினேன். பன்னிரண்டாம் நாள் அம்மா போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் நீ வந்து இறங்கினாய்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையில் இருந்து திரும்பி வந்து, நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அப்பா, அம்மா என்னைக் கேட்டவவோ?" நான், "இல்லை தம்பி, அவ உன்னைக் கஷ்டப்படுத்த விரும்பேல்லை" என்றேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நீ தலையை ஆட்டிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனாய். திரேசம்மா அக்கா அன்று சந்தையில் இருந்து நேரே வந்து, கதிரைகள் கிடக்க, தன் பெட்டியிலேயே ஒரு ஓரமாக இருந்து அழுதுகொண்டிருந்தார். நீ ஒன்பது நாள் நின்றுவிட்டுப் போனாய். போன பிறகு நீ அனுப்பாத சாமான் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கிறது, கூடத்தில் மாட்டுகிற கமரா, நான் விழுந்தால் கத்துகிற கைக்கடிகாரம். ஒவ்வொரு முறையும் "வேறை என்னப்பா வேணும்?" என்று கேட்டாய். ஒவ்வொரு முறையும் ஒன்றும் வேண்டாம் என்றேன். கேட்காத தாய்க்குச் செய்ய முடியாமல் போனதை, கேட்காத தகப்பனுக்குச் செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

போன மாத மழைக்கு என் அறை ஒழுகியது. கட்டிலை இழுக்க அலுப்புப்பட்டு, அம்மாவின் கட்டிலில் படுக்கப் போனேன். அவர் போன பிறகு அதில் நான் படுத்ததில்லை. கட்டைகளை எடுக்கவும் இல்லை. மத்தியானம் மழை விட்டு வெளித்திருந்தது. படுத்து, அம்மா திரும்பின பக்கம் திரும்பினேன். யன்னல். யன்னல் விளிம்புக்கு மேலால் எதிர்வீட்டு முருங்கையின் நுனியும் வானமும் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு என்னவோ உறுத்தியது. எழும்பி, பட்டறையில் ஒரு அங்குலப் பலகை தேடி எடுத்து, இரண்டு துண்டாக வெட்டிக் கட்டைகளுக்கு அடியில் வைத்து, திரும்பப் படுத்தேன். தம்பி, யன்னல் விளிம்புக்கு மேலால் எங்கள் வாசல் படலையின் தலை தெரிந்தது. கொளுக்கி தெரிந்தது. நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது தெரு ஒழுங்கைக்கு ஓடிவிடுவாய் என்று, உன் கை எட்டாத உயரத்தில் நான் மாட்டின அதே கொளுக்கி. வெளியில் இருந்து வருகிறவர்கள் மேலால் கையை விட்டுத் தூக்கித்தான் அதைத் திறக்க வேண்டும். அம்மா மூச்சுக்குக் கேட்கவில்லை. அந்தக் கையைப் பார்க்கக் கேட்டார்.

உன்னை அவர் கேட்டாரா என்று கேட்டாயே. கேட்டார். இரண்டு நாள் கேட்டார், ஒரு அங்குலம் என்று அளவோடும் கேட்டார். எனக்கு விளங்குகிற பாஷை அது ஒன்றுதான் என்று தெரிந்து, அந்தப் பாஷையிலேயே கேட்டார். நான் மட்டக்கோலை வைத்து மறுத்தேன். இதை வாசித்த பிறகு நீ என்னோடு கோபித்துக்கொண்டு இந்த வருஷமும் வராமல் விடலாம், அடுத்த வருஷமும் வராமல் விடலாம். அந்தப் பயத்தில்தான் ஒரு மாதமாக இதை நான் எழுதவில்லை. ஆனால் அம்மா உன்னைத் தேடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டு அந்தத் தேசத்துக் குளிருக்குள் நடந்து திரிவதைவிட, என்னை ஏசிக்கொண்டு திரிவது நல்லது. ஏசு. போன் எடுத்து ஏசினால் இன்னும் நல்லது, குரலையாவது கேட்பேன்.

உன் வேலைக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அப்பன் அல்லவா, சொல்லாமல் இருக்க வாய் விடுகுதில்லை. அந்தக் குளிசைப் பெட்டிக் கிழவியை உங்கள் வேலைக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கேட்காதே. அங்கே அவர் மரியாதைக்குத்தான் பதில் சொல்லுவார். அவர் வீட்டுக்குப் போ, அவர் தருகிற தேத்தண்ணியைக் குடி. மூடி இறுக்கம் என்று சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று பார். திறந்துவிட வீட்டில் ஆள் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரோ தெரியாது. அதற்கு நீங்கள் பெட்டி செய்ய முடியாதுதான். ஆனாலும் அது உன் கட்டத்தின் இடது பக்கத்தில் ஒரு மூலையிலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது என் விஷயம். இடது பக்கத்தில் நேற்று நான் சொன்னதை எழுதியிருப்பாய்: கஷ்டப்பட்டு வர வேண்டாம். அதை வெட்டு. இதை எழுது: எனக்கு நீ வேண்டும். அடுத்த வருஷம் இல்லை, இந்த வருஷம். ஒன்பது நாள் போதாது. முதல் கிழமை நீ நித்திரை கொண்டே முடித்துவிடுவாய், இரண்டாம் கிழமை சண்டை பிடிப்போம், அதனால் குறைந்தது மூன்று கிழமை. சாமான் ஒன்றும் கொண்டு வராதே, கமராவே இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. சாப்பாட்டு மேசையில் என் வலது பக்கத்துக் கதிரையில் நீ இருக்க வேண்டும். ஒரு மத்தியானம் முற்றத்தில் பாயைப் போட்டு, ஐஸ் வாங்கி வைத்து, அது உருகி முடிகிற மட்டும் நீ என்னோடு இருக்க வேண்டும். ஒன்றும் அளக்க வேண்டாம். என் காது இப்போது மந்தம், நீ கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் வந்து படலையில் தட்டிக்கொண்டு நிற்காதே. மேலால் கையை விட்டுக் கொளுக்கியை நீயே தூக்கு. கட்டில் இப்போது ஐந்து அங்குலம் உயர்ந்திருக்கிறது. நான் அதில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா